நேர்காணல் முடிந்த பிறகு: படபடப்பு, காத்திருப்பு, ஏமாற்றம் – தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் ஆள் எடுக்கும் குழுக்களில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். பகலில் கேள்வி கேட்பது என் வேலை. மாலையில் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பினால், நேர்காணல் முடித்துவிட்டு முகம் வாடி வரும் பிள்ளைகளோடு பேசுவதும் வழக்கமாகிவிட்டது. "ஆன்ட்டி, எல்லாம் சொதப்பிட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்தால், பலரும் நன்றாகவே பதில் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2025-ன் முதல் காலாண்டில் இந்த நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 32.9 சதவீதம் என்று அரசுப் புள்ளியியல் துறை அறிவித்தது. 15 முதல் 34 வயது வரை உள்ளவர்களிடம் அது 46.1 சதவீதம். ஓர் அழைப்பு வருவதற்கே மாதக்கணக்கில் விண்ணப்பித்துக் களைத்தவருக்கு, அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எல்லாமே அடங்கியிருப்பதாகத் தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வெளியே வந்த பிறகு வரும் நாட்களை எப்படிக் கழிக்கிறோம் என்பது அடுத்த வாய்ப்பையும், சில சமயம் இதே வாய்ப்பையும் பாதிக்கிறது. அதனால் கதவைத் தாண்டிய நிமிடத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதல் அரை மணி நேரம்

இந்த நேரத்தில் எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். நேர்காணலின்போது அட்ரினலின் ஏறுவதால்தான் கை நடுங்குகிறது, வாய் வறள்கிறது. அது சீக்கிரம் இறங்கிவிடும். கூடவே சுரக்கும் கார்ட்டிசோல் அப்படியல்ல. நெருக்கடி முடிந்த பிறகும் சில நிமிடம் ஏறுமுகத்திலேயே இருந்து, மெதுவாகத்தான் வடியும். வெளியே வந்ததும் "போச்சு" என்று மனசு சொல்வது பெரும்பாலும் இந்த உடல் நிலையின் பேச்சு. உள்ளே நடந்ததைப் பற்றி அது நம்பகமாக எதையும் சொல்வதில்லை.

உம்லாங்கா ரிட்ஜில் நேர்காணல் என்றால், முடிந்த கையோடு என்2 நெடுஞ்சாலையில் ஏறி விரட்டாதீர்கள். தெருவோரம் நிறுத்திய காரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதும் நம் ஊரில் பாதுகாப்பில்லை. பக்கத்தில் கேட்வே மால் இருக்கிறது. உள்ளே போய் ஓரிடத்தில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பீர்கள், ஏதாவது சாப்பிடுங்கள். நகரத்துக்குள் நேர்காணல் என்றால், டாக்ஸி ரேங்க் வரை நடப்பதே உடம்புக்கு நல்லது. நேரம் இருந்தால் கடற்கரை நடைபாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள்.

மூச்சுப் பயிற்சி தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்கள் இதைச் செய்து பாருங்கள்: மனசுக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும்.

வீட்டிலிருந்து போன் வந்தால், "முடிஞ்சுது, நல்லபடியா போச்சு, வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

படி 2: அன்று மாலை ஒரே ஒரு தடவை எழுதுங்கள்

இது மிக முக்கியமான படி, ஆனால் செய்பவர்கள் குறைவு. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கேட்ட கேள்விகளை நினைவுக்கு வரும் வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நீங்கள் சொன்ன பதிலின் சாரத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று படும் கேள்விக்கு மட்டும், இப்போது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதையும் சேருங்கள். யார் யார் குழுவில் இருந்தார்கள், வேலையைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள், முடிவு எப்போது என்றார்கள் என்பதெல்லாம் கடைசியில். நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடந்திருக்கும். நோட்டில் தமிழோ ஆங்கிலமோ, கைக்கு எது வருகிறதோ அதில் எழுதுங்கள்.

இதற்கு இரண்டு பயன். மறுநாள் பாதிக் கேள்வி மறந்துவிடும், இன்றைக்கே எழுதினால் அடுத்த நேர்காணலுக்கு அதுவே உங்கள் பாடக்குறிப்பு. இன்னொன்று மனசுக்கானது. படபடப்பு அதிகமுள்ளவர்கள், பிறர் முன் பேசிவிட்டு வந்த பிறகு அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் காட்சி கொஞ்சம் மோசமாகும். எழுதி மூடிய நோட்டு இருந்தால், "அது எழுதியாச்சு" என்று மனசுக்குச் சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி பதிலை எழுதிய பிறகு இன்னும் பாரமாக இருந்தால், உள்ளே ஓடுவதையும் எழுதலாம். 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வேலையிழந்த தொழில்முறைப் பணியாளர்களில் ஒரு பகுதியினரை, அந்த இழப்பு மனதில் எழுப்பியதைத் தொடர்ந்து சில நாள் எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்களைவிட அவர்கள் விரைவில் புதிய வேலையில் சேர்ந்தார்கள். எழுதியவர்கள் அதிக விண்ணப்பம் போட்டார்கள் என்றில்லை. உள்ளே தேங்கியிருந்த கோபம் அடுத்த நேர்காணலில் வெளியே எட்டிப் பார்க்காமல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பழைய முதலாளியைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறுகிறவர்களை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 3: ராத்திரி இரண்டு மணிக்கு

தூக்கம் கலைந்து, "அந்தக் கேள்விக்கு ஏன் அப்படி உளறினேன்" என்று ஆரம்பிக்கும். அப்போது நினைத்துக்கொள்ள, எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

ஒழுங்காக நடக்கும் நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் தாள் முன்கூட்டியே தயாராக இருக்கும். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு சேர்ந்து பேசுவோம். அந்தத் தாளில் "குரல் நடுங்கியது" என்று ஒரு கட்டம் கிடையாது. "ஒரு நிமிஷம், யோசிச்சுச் சொல்றேன்" என்று நிறுத்தியவருக்கு மதிப்பெண் குறைவதில்லை. பெயரைத் தவறாகச் சொன்னது, தண்ணீர் சிந்தியது, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது, இதெல்லாம் அறையை விட்டு நீங்கள் போன அடுத்த நிமிடமே எங்களுக்கு மறந்துவிடும், அடுத்தவர் வாசலில் காத்திருப்பார். நாங்கள் குறித்துக்கொள்வது வேறு: கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, உதாரணத்தோடு வந்ததா, அந்த உதாரணத்தில் இவர் செய்தது என்ன.

குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வந்தவர்கள் தங்கள் ஆங்கில உச்சரிப்பை நினைத்து ராத்திரி முழுக்கக் குமைவதைப் பார்த்திருக்கிறேன். பதினோரு அதிகாரபூர்வ மொழிகளோடு 2023-இல் சைகை மொழியும் சேர்ந்து, பன்னிரண்டு மொழிகள் உள்ள நாடு இது. எங்கள் குழுவிலேயே ஆளுக்கொரு விதமாகத்தான் ஆங்கிலம் பேசுவோம். புரிந்தால் போதும்.

படி 4: மறுநாள் ஒரு சிறு மின்னஞ்சல்

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நன்றி சொல்லி எழுதுங்கள். நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, வேலையைப் பற்றி நேற்றுத் தெரிந்துகொண்டதில் உங்களுக்குப் பிடித்த ஒன்று, இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். சரியாகச் சொல்லாமல் விட்ட பதிலை இதில் பத்தி பத்தியாகத் திருத்தி எழுதாதீர்கள். முக்கியமான ஒரு தகவல், உதாரணமாக ஒரு சான்றிதழ், விட்டுப்போயிருந்தால் அதை மட்டும் ஒரு வரியில் சேர்க்கலாம். அரசுப் பதவிக்கு நேர்காணல் என்றால் இந்த மின்னஞ்சலால் முடிவு மாறப்போவதில்லை, எழுதாவிட்டாலும் குறையில்லை.

படி 5: காத்திருப்பு

மௌனத்தை வைத்து எதையும் கணிக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். ஏன் மௌனம் என்று தெரிந்தால் கடைப்பிடிப்பது கொஞ்சம் எளிதாகும்.

அரசுத் துறையில், இசட்83 என்னும் அரசு விண்ணப்பப் படிவம் போட்டு வந்த பதவிகளில், நேர்காணலுக்குப் பிறகும் வேலை பாக்கி இருக்கும். குடியுரிமை, குற்றப் பதிவு, கல்விச் சான்று, முந்தைய வேலை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அப்புறம் குழுவின் பரிந்துரை மேலே போய், அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். இது மாதக்கணக்கில் இழுக்கும். தனியாரிலும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. பட்ஜெட் ஒப்புதல் வரவில்லை, மேலாளர் விடுப்பில் போய்விட்டார் என்ற காரணங்களுக்காகவே வாரக்கணக்கில் நின்ற நியமனங்களைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் தனிக் கதை. 16ஆம் தேதி விடுமுறையை ஒட்டிப் பல நிறுவனங்கள் கதவைச் சாத்தும், ஜனவரி இரண்டாம் வாரம்தான் மின்னஞ்சலைத் திறப்பார்கள். நவம்பர் கடைசியில் நேர்காணலுக்குப் போனவர் பொங்கல் வரை பதிலே வரவில்லை என்று உடைந்துபோக வேண்டாம். அந்த இடைவெளியில் அங்கே ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அவர்கள் சொன்ன தேதியோடு ஐந்து வேலை நாட்களைச் சேர்த்து நாட்காட்டியில் குறியுங்கள். அதுவரை விசாரிக்காதீர்கள். அந்த நாள் வந்ததும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் இல்லையென்றால் அந்த இடத்தை மனதளவில் முடித்துவிடுங்கள். பின்னால் அழைப்பு வந்தால் லாபம்.

ஸ்பாம் பெட்டியைத் தினம் ஒரு முறை பாருங்கள், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். அதற்கு மேல் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது உங்களைத்தான் தேய்க்கும்.

அப்புறம், விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். "இது கிடைச்சிடும், இதுக்கு மேல எதுக்கு" என்று மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்தான், இல்லை என்ற பதில் வரும்போது மிக ஆழமாக விழுகிறார். வேறு இரண்டு விண்ணப்பம் நடப்பில் இருந்தால் அதே பதில் வலிக்கும், ஆனால் தரையைப் பறிக்காது. வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையின் எஸ்ஸா என்னும் வேலை தேடும் தளத்தில் இலவசமாகப் பதிந்து வைக்கலாம். இளைஞர்கள் எஸ்.ஏ. யூத் தளத்தை டேட்டா செலவில்லாமல் திறக்கலாம்.

படி 6: கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

நம் சமூகத்தில் இதைத் தனிப் படியாகவே வைக்க வேண்டியிருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைப் பூஜையா, ஆடிக் கூழ் ஊற்றும் நாளா, கல்யாண வீடா, எங்கே போனாலும் "என்ன ஆச்சு அந்த வேலை?" என்று நாலு பேராவது கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஐந்தாவது தடவை பதில் சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

நேர்காணலுக்குப் போகும் முன்பே, யாருக்குச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் வேலை தேடி அலைந்த அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. மற்றவர்களுக்கு ஒரே வாக்கியத்தைத் தயாராக வையுங்கள்: "நடந்துட்டிருக்கு அங்கிள், முடிவானதும் நானே சொல்றேன்." சொல்லிவிட்டு அவர் பேத்தியின் மெட்ரிக் பரீட்சையைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

பெற்றோர் இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் "மெயில் வந்துச்சா" என்று கேட்காதீர்கள். வந்தால் பிள்ளை ஓடி வந்து சொல்லும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்த வேலையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் மனசுக்கு ஆறுதல். "உனக்காகக் காவடி எடுக்கறதா வேண்டியிருக்கேன்" என்று பிள்ளையின் தோளில் அதையும் ஏற்றிவிடாதீர்கள்.

படி 7: இல்லை என்று வந்த நாள்

அன்று பதில் எழுதாதீர்கள். அழ வந்தால் அழுங்கள், இது சின்ன விஷயம் என்று யாரும் உங்களைத் தேற்ற வேண்டியதில்லை. சம்பளத்தை மனதில் கணக்குப் போட்டு, இருந்து பார்க்காத ஒரு வாழ்க்கையில் கொஞ்ச நாள் குடியிருந்துவிட்டீர்கள். அதை இழப்பது உண்மையான இழப்புதான். நன்றாகச் சாப்பிட்டு, நேரத்தோடு படுங்கள். சமூக ஊடகத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ சுருக்கமாகப் பதில் போடுங்கள்: தெரிவித்ததற்கு நன்றி, ஏமாற்றம்தான், பின்னால் பொருத்தமான இடம் வந்தால் என்னை நினைவில் வையுங்கள். இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. முதலில் தேர்வானவர் வேறு இடத்தில் அதிகச் சம்பளம் கிடைத்து விலகுவது உண்டு, சரிபார்ப்பில் அடிபடுவதும் உண்டு. அப்போது பட்டியலில் இரண்டாவதாக இருப்பவரை அழைப்போம். கண்ணியமாகப் பதில் எழுதியவரை அழைக்கத் தயக்கம் இருக்காது.

அதே மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால், வழக்கு வருமோ என்று பயந்து யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "அடுத்த முறை இதுபோன்ற பதவிக்கு நான் எதை வலுப்படுத்த வேண்டும்" என்று கேளுங்கள். பதில் வந்தால் நோட்டில் எழுதுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். விளக்கம் கேட்காத விண்ணப்பதாரருக்குத் தனியார் நிறுவனங்கள் தாமாக எழுதுவது அரிது.

படி 8: காரணத்தைத் தேடும்போது

இல்லை என்ற பதிலுக்குப் பின்னால் உங்களோடு தொடர்பில்லாத காரணங்கள் நிறைய இருக்கலாம். உள்ளேயே ஒருவரை மனதில் வைத்திருந்திருக்கலாம். பதவியையே நிறுத்தியிருக்கலாம். ஜூலு மொழி பேசத் தெரிந்தவர் வேண்டியிருந்திருக்கலாம். வெளிநாட்டுக் குடிமகன் என்றால், வேலை விசா கைக்கு வரும் வரை காத்திருக்க அவர்களால் முடியாமல் போயிருக்கலாம்.

நம் வீடுகளில் உடனே வரும் பேச்சு வேறு: "நம்ம ஆளுங்களுக்கு இங்க கொடுக்க மாட்டாங்க." 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் கறுப்பின மக்கள் என்று வரையறுப்பதில் ஆப்பிரிக்கர், கலர்ட் எனப்படும் கலப்பு வம்சாவளியினர், இந்திய வம்சாவளியினர் மூவருமே, குடியுரிமை நிபந்தனையோடு, அடங்குகிறார்கள். ஒவ்வொரு பணிநிலையிலும் எந்தப் பிரிவினர் எவ்வளவு இருக்கிறார்கள் என்ற கணக்கையும் நிறுவனங்கள் பார்க்கின்றன, அது சில பதவிகளில் முடிவைத் தொடும். ஆனால் உங்கள் விஷயத்தில் அதுதான் காரணம் என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதையே நம்பிவிட்டால் அடுத்த நேர்காணலுக்குப் பாதி மனசோடுதான் போவீர்கள். அது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

அதே சமயம், உண்மையிலேயே பாகுபாடு நடந்ததற்கு அடையாளம் இருந்தால் சும்மா இருக்காதீர்கள். கர்ப்பமா, எப்போது குழந்தை பெறுவீர்கள், எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்பதை வைத்து ஒதுக்கினால் அது சட்டத்துக்குப் புறம்பானது. மேலே சொன்ன சட்டம் விண்ணப்பதாரர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சி.சி.எம்.ஏ. என்னும் சமரச மன்றத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அரசுத் துறை என்றால், 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி உங்கள் நேர்காணல் பதிவுகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதல் அவகாசம் கேட்கவும் அவர்களுக்கு இடமுண்டு. இதற்கும் உங்கள் படி 2 நோட்டு உதவும்: என்ன கேட்டார்கள் என்பதை அன்றே எழுதியிருப்பீர்கள்.

படி 9: பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை

மனசு உடைந்திருக்கும் வாரத்தில்தான் "உள்ள ஆள் இருக்கு, கொஞ்சம் ரேண்ட் கட்டினா வேலை நிச்சயம்" என்ற வாட்ஸ்அப் செய்தி வரும். வேலை தேடுபவரிடம் வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணம் கேட்பதை 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடை செய்கிறது. பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு ரேண்டும் கொடுக்காதீர்கள்.

படி 10: ஏமாற்றம் வேறு ஏதோவாக மாறும்போது

சில நாள் சோர்வு சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து குளிக்கக்கூடத் தோன்றவில்லை, அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, உதவி கேளுங்கள். சடாக் என்னும் மனச்சோர்வு உதவி அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, கட்டணமில்லை. லைஃப்லைன் எண் 0861 322 322. பக்கத்து அரசுக் கிளினிக்கிலும் சொல்லலாம். வீட்டில் யாராவது இப்படி ஒடுங்கியிருப்பதைப் பார்த்தால், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் கூடவே உட்கார்ந்து போன் போடுங்கள்.

படி 11: அடுத்த அழைப்பு வந்ததும்

முந்தைய நாள் மாலை நோட்டை எடுத்து, நீங்கள் திருத்தி எழுதிய பதில்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், நம்பும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்கிறவர்கள் முதல் இரண்டு பதிலையாவது ஆங்கிலத்திலேயே பல தடவை சொல்லிப் பழகுங்கள். ஆரம்பம் ஓடிவிட்டால் மற்றது தானாக வரும். வாசலில் நெஞ்சு படபடக்கும்போது "அமைதி, அமைதி" என்று அடக்கப் பார்க்காமல், "ஆர்வமா இருக்கேன்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். 2014-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் தங்களை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட மேடைப் பேச்சில் நன்றாகச் செய்தார்கள்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். முடிவை எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள், அதன் பிறகு யாருக்கு எழுதி விசாரிக்கலாம் என்று கேட்டு, அவர்கள் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள்.